வெர்னாவின் குழாய்கள்

குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதன்மேல் ஒரு சொட்டு நீர் விடுகிறார் வெர்னா. சொட்டு நிற்காமல் ஓடினால், "ம், போ" என்பார். நின்றுவிட்டால் அந்தக் குழாயோடு அன்று முழுவதும் பேச்சில்லை.

நோயாளிகளுக்குச் சிறுநீர் இறக்கச் செருகும் குழாய்களுக்கு, ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தைப் பார்த்த எங்கள் ஆய்வகத்தில் பூச்சு போடுகிறார். பாறையைப் பற்றும் கடல்சிப்பியின் பசையைப் பார்த்துச் செய்த பூச்சு. குழாயை இறுகப் பிடிக்கும். பிறகு மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரியும், ஒட்ட வந்த கிருமிகளையும் கூட்டிக்கொண்டு. கையுறை போட்டும் பூச்சின் கறையில் அவர் விரல் நுனிகள் பழுப்பு. "சர்ச்சுப் பூசையில அப்பம் வாங்கக் கை நீட்டினா, ஜனங்க விரலைத்தான் பாக்குது கண்ணு."

கணவர் ஆல்பன் சிப்பிப் பண்ணையில், சிப்பிகள் ஒட்டி வளரும் கயிறுகளைக் கடலிலிருந்து இழுத்தவர். படகிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தபின் குழாயில்லாமல் அவருக்குச் சிறுநீர் இறங்காது. அதில் உப்பு படிந்து அடைக்கும், காய்ச்சல் வரும், ஆஸ்பத்திரி. மதியம் அவர் போன் செய்வார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெர்னா வேலையைத் தொடர்வார்.

"ஆயுசு பூரா நான் பிச்சு எறிஞ்ச சிப்பி, இப்ப என்னைக் காப்பாத்தப் போகுதாக்கும். எனக்கு எப்ப வரும்?"

"சோதனை எலிக்கே இன்னும் வரலை. வரிசையில நில்லு."

"நிக்க முடிஞ்சா உன்கிட்ட ஏன்டி கேக்கறேன்?"

சிரிப்பது ஆல்பன் மட்டும்தான்.

இந்தக் குளிர்காலத்தில் ஆல்பனுக்குக் கிருமி சிறுநீரகம்வரை ஏறியது. இன்னொரு முறை தாங்காது என்றார் மருத்துவர். அதே வாரம் எங்கள் புதிய பூச்சு தேறியது. செயற்கைச் சிறுநீரில் ஊறிய குழாய்களை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தோம். பூசாதவற்றுக்குள் கெட்டில் அடியில் படிவதுபோல வெள்ளையாக உப்பு, பூசியவை சுத்தம். பூசியவற்றில் ஊறப்போடாத ஒன்று மிச்சமிருந்தது.

"ஒண்ணு குறைஞ்சா யாருக்காவது தெரியுமா கண்ணு?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"தெரியாது."

"உரிஞ்சு வர்றது உடம்புக்குள்ளேயே தங்கிட்டா என்ன ஆகும்?"

"அதுவும் தெரியாது."

மாலைவரை அந்தக் குழாயின் நுனி அவர் கோட்டுப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. கிளம்பும்போது போன் அடித்தது, ஆல்பன். வெர்னா எடுக்கவில்லை. பையிலிருந்த குழாயை உருவி, கத்தரிக்கோலால் நுனியிலிருந்து அடிவரை பிளந்தார். அதன்பிறகே போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போடாமல், காதோடு அழுத்தி வைத்துக்கொண்டார்.