எம்-சாண்டில் வறுத்த மல்லாட்டை

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் ஒருவர் இரும்புச் சட்டி நிறைய மணலைக் கொட்டி மல்லாட்டை வறுத்துக்கொண்டிருந்தார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். சல்லடைக் கரண்டியில் அள்ளி ஓர் உதறு உதறினார். மணல் சட்டிக்கே திரும்பிவிட, கடலை மட்டும் மேலே நின்றது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது: நம் வீட்டு வாசலிலேயே ஒரு லாரி மணல் கிடக்கிறதே!

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கு மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குவியல் மேஸ்திரிக்குச் சுவர், தெருப் பூனைக்குக் கழிப்பறை, எனக்குச் சறுக்குமரம்.

மறுநாள் கான்கிரீட் போடும் நாள். வேலையாட்கள் பதினைந்து பேருக்கும் டீயோடு போண்டா தருவதாக அம்மா சொல்லியிருந்தாள்.

"போண்டாவே வேணாம்மா. எல்லாருக்கும் நான் மல்லாட்டை வறுத்துத் தரேன்."

மாவு கரைக்கிற வேலை மிச்சம் என்று அம்மாவும் நம்பிவிட்டாள்.

பூனை ஏறாத உச்சியாகப் பார்த்து மணல் அள்ளினேன். ஓடு உடைத்த கடலையைப் போட்டு வறுத்தேன். சிவக்க வேண்டியது சாம்பல் நிறமானது. பக்குவம் அப்படித்தான் போலிருக்கிறது என்று தட்டில் கொட்டி நீட்டினேன். பதினைந்து வாயும் ஒரே நேரத்தில் நறநறத்தன.

"ஏம் பாப்பா, வேலைக்கு வந்தவங்க வாயில இப்படி மண்ணப் போட்டுட்டியே!" என்று சித்தாள் அக்கா சிரித்தார்.

"செட்டாவறதுக்குள்ள எல்லாரும் தண்ணி குடிங்கப்பா," என்றார் மேஸ்திரி. பிறகு என்னிடம், "இது எம்-சாண்டு பாப்பா, கல்ல அரைச்ச தூளு. ஒட்டிக்கும். மல்லாட்டைக்கு ஆத்து மணல்தான் சரி."

அம்மா என்னை முறைத்தபடியே பன் வாங்கக் கடைக்கு ஓடினாள். எனக்கோ தோற்ற காரணம் தெரிந்ததில் உற்சாகம் தாங்கவில்லை. கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் அப்பா அன்று லீவு போட்டு மாடியில் நின்றிருந்தார். வாசலிலிருந்தே கத்தினேன்:

"அப்பா! ஞாயித்துக்கிழமை தென்பெண்ணைக்குப் போயி ஒரு மூட்டை மணல் அள்ளிட்டு வந்துடலாமா?"

அப்பா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். "மெதுவாப் பேசுடி!"

மேஸ்திரிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

ஸ்கூட்டரில் மூட்டை கனக்கும் என்றுதான் அப்பா தயங்குகிறார் என நினைத்தேன். மூட்டை எதற்கு? என் டிபன் பாக்ஸ் கொள்ளுமளவு போதுமே. அதைக் கழுவித் துடைத்து, யாரும் எடுத்துவிடாதபடி என் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.