பேஸ்போல் விளையாடிய யாழ்ப்பாணத்தான்

தென் லண்டன் மருத்துவமனை ஒன்றில் எலும்பு முறிந்தவர்களுக்கு பிளாஸ்டர் போடுவது என் வேலை. பிளாஸ்டர் இறுகும்வரை நோயாளிகளுக்குப் பொழுது போகவேண்டும். கோணலாகிப்போன என் வலக்கை விரல்களைப் பார்த்து என்ன நடந்தது என்பார்கள். பேஸ்போல் விளையாடினேன் என்பேன். எந்த நாடு என்பார்கள். இலங்கை என்றதும் கனிவோடு என்னைத் திருத்துவார்கள்: "ஓ, கிரிக்கெட்டைச் சொல்கிறீர்கள்!" ஈஸ்ட் ஹாம் மளிகைக் கடைக்காரரும் நம்பவில்லை. "பகிடி விடாதையும் தம்பி, எங்கட சனம் எங்க அதெல்லாம் விளையாடினது?" என்றார்.

விளையாடினோம். போர் முடிந்து சில ஆண்டுகளில் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைத்தது. சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. முதல் மாதம் யாரோடும் பேசாமல் மைதான ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் பேஸ்போல் அணியில் ஆள் குறைந்தபோது சம்பத் என்ற குருநாகல் பெடியன் வந்து ஒரு கையுறையை என் மடியில் போட்டான். அவன் பந்து எறிபவன். அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து அதைப் பிடிக்கும் கேட்சர் ஆனேன் நான். ஒரு விரல் காட்டினால் வேகப்பந்து, இரண்டு காட்டினால் வளையும் பந்து. அரை வருடம் எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் அவன் தமிழும் நான் சிங்களமும் தட்டித் தடவிப் பேசத் தொடங்கினோம்.

மூன்றாம் ஆண்டில் எங்கள் இருவரையும் தேசிய அணித் தெரிவுக்குக் கூப்பிட்டார்கள். அதற்கு இரண்டு கிழமை முன்னால் ஒரு போட்டியில், களத்தின் இரண்டாம் தளத்துக்கு ஓடிய எதிரணிக்காரனை அவுட்டாக்க முழுப் பலத்தோடு எறிந்தேன். தோளுக்குள் ஏதோ கிழிந்தது. ஓடியவன் அவுட். நானும்தான்.

தெரிவு நாளன்று சம்பத் என் கட்டிலடியில் வந்து நின்றான்.

"நீ போகேல்லையோ?"

"நீ இல்லாம நான் யாருக்கு எறியிறது?"

"விசரா, எனக்கும் சேத்து எறிஞ்சிட்டு வா. ஓடு!"

ஓடினான். தெரிவானான். திரும்பி வந்து, என் கை கழுத்தில் கட்டித் தொங்கிய மாதங்கள் முழுவதும் என் உடுப்புகளைத் தோய்த்தான். காலையில் தலை வாரிவிட்டான். என்னால் இனி எறிய ஏலாது என்று மருத்துவர் சொன்னபோது என்னைவிட அதிகம் அழுதவன் அவன்தான்.

கலியாணம் கட்டி லண்டன் வந்து நாலு வருடம் அந்த விளையாட்டை நான் நினைக்கவே விரும்பவில்லை. பிறகு ஒரு ஞாயிறு, கோலியர்ஸ் வுட்டில் மனைவி சுதாவோடு பூங்காவில் நடந்தபோது, தோல் கையுறைக்குள் பந்து விழும் சத்தம் கேட்டது. கால் தானாக நின்றது. இரண்டு அணிகள் எதற்கோ காத்திருந்தன. ஹெலன் என்ற பயிற்சியாளர் நான் பார்க்கும் விதத்தைக் கவனித்துக் கிட்ட வந்தார். விளையாடியிருக்கிறீர்களா என்றார். கேட்சர், ஆனால் எறிய முடியாது என்றேன். "உங்களால் கோல் பண்ண முடியுமா?" என்றார். நான் பணிவோடு என் தொலைபேசி இலக்கத்தைச் சொன்னேன்.

"என்னப்பா, ஆரெண்டே தெரியாதவைக்கு நம்பர் குடுக்கிறியள்?" என்றாள் சுதா.

ஹெலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர்கள் பேச்சில் 'கோல்' என்றால் போன் எடுப்பதல்ல, நடுவராக நின்று தீர்ப்புச் சொல்வது. அன்று நடுவர் வரவில்லை. முகக்கவசத்தை என் கையில் தந்தார். முதல் பந்து அடிபடாமல் நேராக வந்தது. "ஸ்ட்ரைக்!" என்று நான் போட்ட சத்தத்தில் புறாக்கள் எழும்பிப் பறந்தன. கவசத்துக்குள் என் கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சம்பத்துக்கு அழைத்தேன். இப்போது அவன் பள்ளி ஆசிரியர், பேஸ்போல் பழக்குகிறான்.

"நான் இப்ப அம்பயரடா."

"ஐயோ மச்சான், இனி உன்னையும் ஏசத்தான் வேணும்!"

இப்போது ஞாயிறுகளில் சுதா வேலிக்கம்பியில் கைபேசியைச் சாய்த்து வைக்கிறாள். அங்கே மாலை, சம்பத்தும் அவனுடைய மாணவிகளும் திரையில் நெருக்கியடித்து எங்கள் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். போன கிழமை ஓரத்தில் வந்த பந்தொன்றைச் சரியான பந்தென்று எடுத்து ஸ்ட்ரைக் என்றேன். மைதானத்தில் பாதிப்பேர் ஆங்கிலத்தில் கத்தினார்கள். கைபேசிக்குள் எல்லோரும் சிங்களத்தில் கத்தினார்கள். "அவர் சொன்னது சரிதான்!" என்று சுதா தமிழில் இரண்டு பக்கத்தோடும் சண்டைக்குப் போனாள். இரண்டு நாடும் சேர்ந்து ஏச, நடுவில் நின்று சிரித்துக்கொண்டு அடுத்த பந்துக்குக் குனிந்தேன்.