தாடையைப் பிடித்த கை

என் மகளுக்கு நாலு வயது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், யார் கண்ணையும் பார்க்க மாட்டாள். பாலர் பாடசாலை டீச்சர் சொல்லித்தான் நுவரெலியாவில் டொக்டரிடம் காட்ட நாள் எடுத்தோம். தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் ஏற்கனவே ஆளுக்கொரு பேச்சு. டொக்டர் வாயால் "ஒன்னுமில்ல" என்று வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

கொழுந்து பறித்துவிட்டு வந்ததும் தினமும் பழக்கினேன். "கவி!" என்பேன். திரும்பாவிட்டால் தாடையைப் பிடித்துத் தூக்கி, "அம்மா கண்ணப் பாரு" என்பேன். அழுவாள். விட்டேனா?

காட்டப் போன அன்று டொக்டர் அவளோடு தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டே, "கவி" என்று மெதுவாகக் கூப்பிட்டார். உடனே அவள் தன் கையாலேயே தன் தாடையைப் பிடித்து முகத்தைத் தூக்கினாள். கண் இரண்டையும் இறுக மூடியிருந்தாள்.

"இது யாரும்மா பழக்குனது?"

"நான்தாங்க."

"புள்ள எப்படி இருக்காளோ அப்படியே கூட்டிட்டு வாங்க. அதப் பாக்கத்தானே நாங்க இருக்கோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது நான் எதுவும் பழக்குவதில்லை. ஆனாலும் கூப்பிட்டால் அவள் கை தாடைக்குப் போகிறது. அதனால் பேர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டேன். சும்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.