அணியத்து மரத்தின் வரிகள்

பாசியும் பழைய மீன் செதிலும் கலந்த மணத்தோடுதான் அந்த மரம் எங்கள் முற்றத்துக்கு வந்தது. வடமராட்சிக் கரையிலிருந்து போன அப்பாவின் கட்டுமரம் திரும்பாமற்போய்ச் சில வாரங்களின் பின், கரையொதுங்கிய ஒற்றை மரத்தைப் பெரியப்பா ஆட்களைக் கொண்டு தூக்குவித்து, கிணற்றடியில் அம்மா இருந்து மீன் வெட்டும் 'குற்றி'யின் பக்கத்தில் போடுவித்தார். கட்டுமரத்தின் முன்பக்கமான 'அணிய'த்துக்கு அப்பா வெட்டிய மரத்தில் மிஞ்சிய துண்டுதான் அந்தக் குற்றி. இரண்டின் வரிகளும் ஒத்துப்போனால் அப்பா இல்லை. செத்தவர்களுக்குரிய அந்தியேட்டியைச் செய்யவேண்டும், அம்மா பொட்டை அழிக்கவேண்டும்.

பெரியப்பா கணுக்களைப் பார்த்தார். அப்பாவின் தங்கையான மாமி நிறத்தைப் பார்த்தார். அம்மா வரிகளின் இடைவெளியை விரலால் அளந்தார்.

"கணு அப்பிடியே கிடக்கு. அவன்ரை மரம்தான் பிள்ளை," என்றார் பெரியப்பா.

"இல்லை அத்தான். குற்றியிலை வரி நெருக்கம், இதிலை அகலம்."

"கடலிலை ஊறினால் உங்கடை முகமும்தான் அகலும் மச்சாள்," என்றார் மாமி. ஒருவரும் சிரிக்கவில்லை.

பெரியப்பா என்னிடம் திரும்பினார். "படிக்கிற பிள்ளை, நீ சொல்லு."

இரண்டையும் தடவிப் பார்த்தேன். ஒன்று வெயிலில் வெளுத்திருந்தது, மற்றது உப்பில் கறுத்திருந்தது. "தெரியாது," என்றேன். அது உண்மை.

அந்தியேட்டி நடக்கவில்லை. தன் புருஷனுடையது அல்ல என்று சொன்ன மரத்தை விறகாக்கவும் அம்மா விடவில்லை. இப்போதும் பொட்டு வைக்கிறார்.

நான் இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்தில், மரம், மணல், பவளப்பாறையான முருகைக்கல் போன்றவற்றின் மேற்பரப்புகளில் எது எதைப்போல இருக்கிறது என்று மனிதர்கள் எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதை ஆராய்கிறேன். படங்களைச் சோடி சோடியாகக் காட்டிக் கேட்பதுதான் வேலை. சிலர் நிறத்தை முதலில் எடுக்கிறார்கள், சிலர் வரிகளின் திசையை, சிலர் கரடுமுரட்டை. பிழையான விடை என்று ஒன்றும் இல்லை. கட்டுமரங்கள் எங்கள் கரையை விட்டுப் போய்விட்டன. பைபர் படகுகளில் பார்ப்பதற்கு வரி கிடையாது. ஆகையால் மரத்துக்கு, வீட்டில் கிடந்த அந்த இரண்டையுமே படம் எடுத்தேன்.

சென்ற மாதம் அம்மா என் அறைக்கு வந்தபோது, எவற்றின் படங்கள் என்று சொல்லாமல், மற்றவற்றோடு அந்தச் சோடியையும் காட்டினேன்.

"ரெண்டும் ஒரே மரம்தான்," என்றார் உடனே. பிறகு, "மற்றச் சோடியைக் காட்டு பிள்ளை," என்றார்.

காட்டினேன்.