தண்ணீருக்கு ஒரு போற்றி

கடல் ஊருக்குள் வந்து திரும்பிய மறு ஆண்டில் என் பேத்திக்கு மூன்று வயது நிறைந்தது. அதுவரை அவள் ஒரு சொல்லும் பேசியதில்லை. வேண்டிய பொருளை நோக்கி எங்கள் கையைப் பிடித்து இழுப்பாள். நாங்களும் எடுத்துக் கொடுத்துவிடுவோம். இறைவன் பேசவைக்கும் நாளில் பேசுவாள் என்று நான் சொல்லிவந்தேன். அந்த நாளுக்குக் காத்திருக்க மறுத்த மருமகள், எங்கள் இருவரையும் புதுச்சேரிக்கு, ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் அழைத்துப் போனாள்.

செவியில் குறையில்லை என்று முடிவானபின் அந்த அம்மையார் சொன்னார்: "அவ கேக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் குடுத்துடறீங்க. இனிமே டம்ளரைக் காட்டி, 'தண்ணி'ன்னு ஒரு தடவை சொல்லுங்க. அப்புறம் பேசாம இருங்க. மனசுக்குள்ள பத்து எண்ணிட்டுக் குடுங்க, ஐயா."

எண்களால் எண்ணும் பழக்கம் எனக்கில்லை. உப்பளத்தில் மேற்பார்வை பார்த்த முப்பது ஆண்டுகளிலும், பாத்திக்கு மடை திறந்து அடைக்கும் நேரத்தைக்கூடப் பாட்டால் அளந்தவன் நான். ஆகவே பத்துக்குப் பதிலாக, 'போற்றி' என்று முடியும் ஒரு பாட்டை வைத்துக்கொண்டேன். உதட்டுக்குள் முணுமுணுப்பது பேச்சில் சேராது என்பது நானே எனக்கு வழங்கிக்கொண்ட சலுகை.

ஐந்தாம் நாள், பாட்டின் இரண்டாம் அடியிலேயே குழந்தை என்னை முந்திக்கொண்டு, "போற்றி" என்றாள். கண்ணீர் மல்கத் தண்ணீரைக் கொடுத்தேன். அந்த வாரத்திற்குள் பிஸ்கட்டுக்கும் போற்றி, தூக்கச் சொல்வதற்கும் போற்றி, செருப்புக்கும் போற்றி. உப்பு வாரப் போகும் பெண்கள் எங்கள் வாசலில் நின்று கேட்டுப் போகத் தொடங்கினார்கள். ஒருத்தி, முட்டையிடாத தன் கோழியை ஆசி வாங்கக் கொண்டுவந்தாள். குழந்தை அதைப் பார்த்து, "போற்றி, போற்றி" என்று கை நீட்டினாள். மனம் நிறைந்து அந்தப் பெண் கோழியுடன் திரும்பியதும் குழந்தை தெருவே அதிர அழுதாள்.

"மாமா, இவ சாமி கும்பிடல. கோழி கேக்கறா" என்றாள் மருமகள். பக்தியும் வேண்டுதலும் வேறல்ல என்று நான் விளக்க முற்பட்டேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த திங்களன்று குழந்தையைப் பால்வாடியில் விட்டோம். நண்பகலில் அழைத்துவரப் போனபோது அவள் உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன. டீச்சர் பூரிப்போடு சொன்னார்: "காலையிலேர்ந்து போற்றி போற்றின்னே சொல்லிட்டிருந்துச்சுங்க. நாங்களும் ஒவ்வொரு வாட்டியும் கும்பிட்டுட்டோம்."

வீட்டில் மூச்சு விடாமல் மூன்று டம்ளர் குடித்தாள். மறுநாளே மருமகள் எங்களை மறுபடி புதுச்சேரிக்கு அழைத்துப் போனாள்.

பயிற்சியாளர் நிகழ்ந்ததைக் கேட்டு, கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கி அடங்கியபின், "கேட்டா கெடைக்கும்னு அவளுக்குப் புரிஞ்சிட்டுது, ஐயா. அது பெரிய விஷயம். ஆனா அந்தச் சொல்லு உங்க வீட்டைத் தாண்டிச் செல்லாது. நீங்க எண்ணத்தான் வேணும்" என்றார்.

அறுபத்தெட்டாம் வயதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணக் கற்றேன். உதடுகளை இறுக்கியபடி டம்ளரும் கையுமாக அமர்ந்திருப்பேன். பாட்டு எங்கே போயிற்று என்று அறிய, குழந்தை விரலால் என் வாயைத் திறந்து உள்ளே பார்ப்பாள். "போற்றி" என்பாள். நான் "தண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி எண்ணுவேன். பதிலுக்குப் பாட்டு வராத கோபத்தில் காலை உதைத்து அழுவாள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் கொடுத்தபின், நான் கொல்லைப்புறம் போய், விட்டுப்போன பாட்டைச் சொல்லி முடித்துவிட்டு வருவேன்.

பல நாட்களுக்குப் பின் ஒரு காலை, நான் ஏழு எண்ணியிருந்தபோது, என் மோவாயைப் பிடித்துக்கொண்டு, "போற்றி தண்ணி" என்றாள்.

மருமகள் தொலைபேசியில் சொன்னதும், "ரெண்டு சொல்லைச் சேத்துட்டாளா!" என்று பயிற்சியாளர் கூவியது எனக்கே கேட்டது.

மறுநாள் பால்வாடியிலும் அதையே சொன்னாளாம். டீச்சர் கும்பிட்டுவிட்டுத் தண்ணீர் கொடுத்தாராம்.