மிட்டாய்ப் பெட்டிக் கயிறும் கிடர்பூர் ஸ்வெட்டரும்

லேக் கார்டன்ஸில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டில், சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். என்னுடைய பின்னல் டிசைன்கள் எல்லாம் அதற்குள்தான். புத்தகமோ காகிதமோ கிடையாது, வெறும் கயிறு. கல்கத்தாவில் மிட்டாய்க் கடைக்காரர் அட்டைப் பெட்டியைச் சுற்றிக் கட்டித் தருவாரே, அந்த மெல்லிசுக் கயிறு.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. பின்னல் புத்தகத்தில் இருக்கிற கட்டமும் இங்கிலீஷ் எழுத்தும் எனக்குப் பிடிபடவே இல்லை. அதனால் நானாக ஒரு வழி வைத்துக்கொண்டேன். நேர்க் கண்ணிக்கு ஒற்றை முடிச்சு, புரட்டிப் போடுகிற கண்ணிக்கு இரட்டை முடிச்சு, வரிசை முடிந்தால் ஒரு விரல் அளவு இடைவெளி. கயிற்றை மடியில் போட்டுத் தடவித் தடவிப் பின்னலாம். பால் பொங்குகிறதா என்று கண் பார்த்துக்கொள்ளும்.

டிசைன் தேடி நான் எங்கும் போனதில்லை. டீக்கடையில் மண் குவளைகளைக் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள்; அது என் மகளுக்குத் தொப்பியாயிற்று. டிராமில் உட்காரும் மரச்சட்டங்கள் கையில்லாத ஸ்வெட்டர் ஆயின. ஒருநாள் சந்தையில் இலிஷ் மீனின் செதில் வெயிலில் மின்னுவதைப் பார்த்து நின்றுவிட்டேன். நாங்கள் சைவம். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு செதில் இன்னொன்றின் மேல் எப்படி ஏறியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். விலை படியாமல் நிற்கிறேன் என்று நினைத்து மீன்காரர் விலையைக் குறைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் பாதி விலைக்கு வந்ததும் பயந்துபோய் ஓடி வந்துவிட்டேன்.

எல்லாவற்றிலும் உசத்தி கோதாவரிப் பாலம்தான். ஊருக்குப் போகிறபோதும் வருகிறபோதும் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பேன். இரும்புச் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பறக்கும், எண்ணுவதற்குள் ஆறு முடிந்துவிடும். ஒரு வருஷம் பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது, சிக்னல் கிடைக்காமல் ரயில் பாலத்தின் நடுவில் நின்றது. பெட்டியில் எல்லோரும் ரயில்வேயைத் திட்டினார்கள். எனக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. சட்டம் எங்கே சாய்கிறது, எங்கே சேர்கிறது என்று பார்த்துப் பார்த்து, ஊசியில் போட்டும் பிரித்தும், ஹௌரா வருவதற்குள் பாலத்தின் இரண்டு கட்டங்களைக் கயிற்றில் முடிந்து வைத்துவிட்டேன்.

குளிர்காலத்தில் மத்தியானம் எங்கள் கட்டடத்துப் பெண்கள் மொட்டை மாடியில் வெயில் காய்ந்துகொண்டு பின்னுவார்கள். நான் மூலையில் உட்கார்ந்து பின்னுவேனே தவிர வாய் திறந்ததில்லை. வங்காளி புரியும், பேச நாக்கு வராது. கீழ்வீட்டு அம்மாளை எல்லோரும் மாஷிமா, அதாவது சித்தி என்று கூப்பிடுவார்கள். அவர் என்னை பௌமா என்பார், வீட்டு மருமகளைக் கூப்பிடுகிற மாதிரி. அவருடைய மகளுக்கு மாக் மாதம், நம் தை மாதத்தில், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குத் தட்டுத் தட்டாகச் சீர் போகும். அதில் மாப்பிள்ளைக்குக் கையால் பின்னிய ஸ்வெட்டர் ஒன்று வைக்க வேண்டும் என்பது மாஷிமாவின் ஆசை.

“ஆனால் அந்த வீட்டுப் பெண்கள் பொல்லாதவர்களாம்” என்று அங்கலாய்த்தார். “ஸ்வெட்டரைத் தூரத்தில் பார்த்தே எந்தப் புத்தகத்தில் எத்தனாவது பக்கம் என்று சொல்லிவிடுவார்களாம். யாரும் பார்க்காத டிசைனுக்கு நான் எங்கே போவேன்?”

மற்றவர்கள் தலை குனிந்து பின்னினார்கள். மாஷிமாவின் பார்வை மூலைக்கு வந்தது. “பௌமா, பார்பே?” முடியுமா என்று கேட்டார்.

“பார்போ” என்றேன். முடியும். அந்த மாடியில் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான். எல்லா ஊசியும் ஒரு நிமிஷம் நின்றது.

மறுநாள் காலையில் மாஷிமா பழுப்புக் கம்பளி நூலைக் கொண்டுவந்து கொடுத்தார். டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு கயிற்றுப் பந்து, வழுவழுவென்று உருண்டையாக இருந்தது.

என் கணவர் கிடர்பூர் துறைமுக ஆபீசில் குமாஸ்தா. தூத்துக்குடிக்காரர். வளைந்த ஆணியை நிமிர்த்தி வைக்கிற ஆள். முந்தைய லீவு நாளில் எனக்கு உதவியாக ஏதோ செய்திருக்கிறார்.

“அதுவா? எல்லாம் சிக்கும் முடிச்சுமா கெடந்துது. ஒண்ணு விடாம அவுத்து ஒரே கயிறா சுத்தி வச்சேன்” என்றார் பெருமையாக. “அம்புட்டும் இறுகிப் போச்சு பாத்துக்கோ, நகமே போச்சு!”

“நீங்க அவுத்தது கயிறு இல்லைங்க” என்றேன். “ஸ்வெட்டரு. பாலம், டிராமு, மீனு, எல்லாத்தையும் அவுத்துட்டீங்க.”

அவருக்கு விளங்க நேரமாயிற்று. விளங்கியதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். “பாலத்தை மனசுல வச்சுப் போடேன்.”

“அதான் கயித்துல வச்சேனே, மனசுல எதுக்கு வைக்கணும்?”

மூன்று நாள் மாடிக்குப் போகவில்லை. போட்டுப் போட்டுப் பிரித்ததில் நூல் பிசிறு தட்டியதுதான் மிச்சம். படிக்கட்டில் மாஷிமாவின் செருப்புச் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் ஒளிந்துகொள்வேன். “பார்போ” என்ற வாய், “பார்போ நா” என்று எப்படிச் சொல்லும்? இனி ஜன்மத்துக்கும் அந்த மூலையில் உட்கார முடியாதே என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் குளித்துச் சட்டை போட்டு வந்து நின்றார். கையில் அந்தக் கயிற்றுப் பந்து. “ஏளா, கெளம்பு. கோதாவரிக்குக் கூட்டிட்டுப் போவ முடியாது. எங்க ஆபீஸ் பக்கம் ஒண்ணு இருக்கு, வந்து பாரு.”

பஸ் பிடித்துக் கிடர்பூர் போனோம். கைவண்டியும் லாரியும் இடித்துக்கொண்டு போகிற தெருவைத் தாண்டினால் துறைமுகத்தின் பெரிய கேட். கம்பிக்கு அப்பால் கிரேன்கள், பாலம் மாதிரியே குறுக்குச் சட்டம் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நின்றன. இத்தனை வருஷம் அவர் தினமும் பார்க்கிற இடம், நான் அன்றுதான் பார்த்தேன்.

முதலில் மனசு விட்டுப்போயிற்று. பாலத்தின் கட்டங்கள் ஒரே அளவாக இருக்கும். இங்கே கிரேனின் கையில் அடியில் பெரிய கட்டம், மேலே போகப் போகச் சின்னது, நுனியில் உள்ளங்கை அளவு.

“இது குறுகிக்கிட்டே போவுதுங்க.”

“போனா என்ன?”

மறுபடியும் கிரேனை அடியிலிருந்து நுனிவரை பார்த்தேன். ஸ்வெட்டரும் அப்படித்தானே? மார்பில் அகலம், தோளுக்குப் போகப் போகக் குறுகல். பாலத்தைப் போட்டிருந்தால் கழுத்தருகில் கட்டங்களைப் பாதியில் வெட்ட வேண்டியிருக்கும். இது தானாகவே தோளில் போய்ச் சேர்ந்துவிடும்!

“கட்டுங்க” என்றேன். “ஒத்தை, ஒத்தை, ஒத்தை, ரெட்டை...”

நான் கிரேனைப் பார்த்துக்கொண்டே சொல்ல, அவர் நடைபாதையில் குத்துக்காலிட்டு முடிச்சுப் போட்டார். அவிழ்த்த அதே விரல். சுற்றிலும் கூலிக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வெட்கத்தில் நான் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேனே தவிர எண்ணுவதை நிறுத்தவில்லை. கேட் காவலாளி அவருக்குத் தெரிந்தவர். “என்ன பாபு, மீன் வலையா பின்னுறீங்க?” என்று இந்தியில் கேட்டார்.

“வலைதான்” என்றார் இவர் நிமிராமலே. “மாப்பிள்ளைக்கு.”

மறுநாளே மாடிக்குப் போனேன். என் மூலை எனக்காகக் காலியாகவே இருந்தது. பௌஷ் மாதம் அவர்களுக்கு நம் மார்கழி மாதிரி, கல்யாணம் கிடையாது. அந்த மாதம் முழுக்க வெயிலில் உட்கார்ந்து பின்னினேன். முன்பக்கம், முதுகு, கை இரண்டும். கடைசிக் கட்டம் தோளில் ஊசிமுனை மாதிரி வந்து நின்றபோது, பக்கத்தில் இருந்த பெண் வாங்கி மடியில் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் கொடுக்கவே இல்லை.

சீரில் மீனையும் மணப்பெண் மாதிரி அலங்கரித்து வைப்பது அவர்கள் வழக்கம். சீர் புறப்பட்ட அன்று, மூக்குத்தி போட்டுப் புடவை சுற்றிய பெரிய மீனுக்கு அடுத்த தட்டில் என் ஸ்வெட்டர் போயிற்று. நான் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

கல்யாணமாகிக் கீழ்வீட்டுப் பெண் மறுவீடு வந்தபோது மாஷிமா மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார். “பௌமா! அந்த வீட்டுப் பெண்கள் ராத்திரியெல்லாம் புத்தகத்தைப் புரட்டினார்களாம், கிடைக்கவே இல்லையாம். தோற்றுப்போய் ஆள் அனுப்பிக் கேட்கிறார்கள். இந்த டிசைனுக்குப் பெயர் என்ன?”

பெயரா? நான் யோசித்ததே இல்லை. “கிடர்பூர்” என்றேன்.

“ஓ மா!” மாஷிமா சிரித்த சிரிப்பில் முக்காடு நழுவியது. “லாரியும் கைவண்டியும் போகிற ஊர், மாப்பிள்ளை மார்பிலா ஏறி உட்கார்ந்திருக்கிறது!”

அடுத்த குளிருக்கு எங்கள் மாடியில் நான்கு பேர் மடியில் கிடர்பூர் இருந்தது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ‘ஷோஜா, ஷோஜா, உல்டோ’ என்று, நேர், நேர், புரட்டு என்று உரக்கச் சொல்ல, அவர்கள் பின்னினார்கள். அத்தனை வங்காளியை நான் அதற்குமுன் பேசியதில்லை.

என் கணவர் மட்டும் அதற்குப் பிறகு கயிறென்றால் பயந்தார். மிட்டாய்ப் பெட்டியைப் பிரிக்கும்போது கயிற்றில் ஒரு முடிச்சு தென்பட்டால் போதும், இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நிற்பார்.

“ஏளா, இது சிக்கா, சட்டையா?”