டேரனை விட்டுவிட்டார்கள்

எங்கள் கிடங்கில் டேரன் என்றொரு வெள்ளைக்காரன் தேநீர்க் கோப்பையைக்கூட இடது கையால்தான் தூக்குவான். கதவைத் திறப்பதும் இடது கையால்தான். கையெழுத்து மட்டும் வலது கையால். மேற்குச் சிட்னியில் பெட்டி அடுக்கும் எங்களுக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. என்னோடு வேலை செய்த மதுரைக்காரர் குமார் முதல் வாரமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, இவன் கை வலின்னு சொல்லி நஷ்டஈடு வாங்க வந்திருக்கான். இல்லேன்னா முதலாளியோட ஆளு. பாத்துப் பேசுங்க."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கொழும்பில் லொட்ஜில் இருந்த நாட்களில், பேசாமல் பக்கத்தில் உட்காருபவனுக்குத்தான் நாங்கள் அதிகம் பயப்படுவோம். அப்படி எங்களோடு ஒரே மேசையில் சோறு தின்றவன் ஒருவன்தான், மறுநாள் பொலிஸ் ஜீப்புக்குள் இருந்து எங்களைப் பார்த்துத் தலையாட்டிக் காட்டிக்கொடுத்தான். டேரனும் மதிய இடைவேளையில் வெறும் பாண் ரொட்டியைத் தின்றுகொண்டு எங்களைப் பார்த்தபடியே இருப்பான். ஒருமுறை வலது முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தான். "நோகிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். சட்டென்று எழுந்தான்.

"உன்னை யார் கேட்கச் சொன்னது?"

அவனும் எங்களைச் சந்தேகித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

ஒரு மழை நாளில் என்னைத் தன் காரில் ஏற்றிப் போகும்போது அவனாகவே சொன்னான். அவன் அமெரிக்காவில் பேஸ்பால் பந்து எறிபவன்; எறிகிற வலது கையைக் காப்பாற்றத்தான் எல்லாவற்றுக்கும் இடது கை. பெரிய அணியில் அல்ல, அதற்குக் கீழே, இன்னும் கீழே உள்ள அணியில். விளையாடும் மாதங்களுக்கு மட்டும்தான் சம்பளம், அதுவும் வாடகைக்கே காணாது. ஒரே அறையில் நாலு பேர் தரையில் மெத்தை போட்டுப் படுப்பார்களாம். மேலே போக ஒருவனுக்குத்தான் இடம் என்பதால், யாரும் யாரிடமும் நோவைச் சொல்வதில்லையாம். மிச்ச மாதங்களில் சொந்த ஊரான சிட்னிக்கு வந்து பெட்டி தூக்குகிறான். முழங்கை வீங்கியிருப்பது அணிக்குத் தெரிந்துவிடும் என்று டொக்டரிடமும் போகவில்லை. "தொலைபேசி அடித்தால், அணியோ என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்" என்றான்.

குமாரிடம் சொன்னேன். "நம்புறீங்களா?" என்றார். பாதி நம்பினேன்.

ஒரு திங்கட்கிழமை டேரன் பெட்டிகளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "ஐ காட் ரிலீஸ்ட்" என்றான்.

அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். என் தம்பி ரூபன் அப்போது, விசா இல்லாதவர்களை அடைத்துவைக்கும் வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்தான். ஞாயிறுதோறும் பார்க்கப் போகிற எல்லோருடைய வாயிலும் அந்தச் சொல்தான். ஒருவருக்கு ரிலீஸ் என்றால் முன்பின் தெரியாதவர்களும் கட்டிப்பிடிப்பார்கள். நான் டேரனின் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்ல செய்தி, சந்தோஷம்" என்றேன்.

அவன் கையை இழுத்துக்கொண்டான். கேலி செய்கிறேனா என்று என் முகத்தையே பார்த்தான்.

"அணியில் நான் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது பந்து எறிவது ஒன்றுதான்."

தெரிந்த ஆங்கிலத்தில் தம்பியின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தான். பிறகு பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்து அழுதான். அன்று அவன் பங்குப் பெட்டிகளையும் குமாரே அடுக்கினார்.

அடுத்த ஞாயிறு ரூபனிடம் இதை ஒரு பகிடியாகத்தான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"அண்ணை, எனக்கும் ரிலீஸ் வரும் எண்டு லோயர் சொன்னவர்."

"ஓம், நல்லதுதானே."

"எந்த ரிலீஸ் எண்டு கேட்டனீங்களோ?"

நேரம் முடிந்துவிட்டதாகக் காவலர் கூப்பிட்டார். ஊருக்குள் விடுகிறவர்களையும் விமானத்தில் ஏற்றி அனுப்புகிறவர்களையும் அங்கே ஒரே வாசலால்தான் கொண்டுபோவார்கள். அதைத் தாண்டி வந்து திரும்பிப் பார்த்தேன். ரூபன் என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.